டிவி ஓடுது, விளம்பரம் வரல: ஓடிடி பார்த்து வளரும் பிள்ளைகள் பற்றி நெல்லைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, டவுன், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எந்த ஊர்ப் பெற்றோரோடு பேசினாலும் சில சந்தேகங்கள் மாறாமல் வருகின்றன. இன்று தொடக்கப் பள்ளியில் படிக்கிற பல பிள்ளைகளுக்குக் கேபிள் டிவி என்பது ஆச்சி வீட்டுச் சாமான். அவர்கள் வீட்டில் ஓடுவது ஓடிடியும் யூடியூபும்தான். கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே வைத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக.

விளம்பரம் வரலன்னா நல்லதுதான? இதுல கவலைப்பட என்ன இருக்கு?

நல்லதுதான். கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம்: 10 நிமிடம் வெளியார் விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். தினமும் 2 மணி நேரம் கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைக்கு அந்த உச்ச அளவில் நாளுக்கு 24 நிமிடம். பத்து வினாடி விளம்பரங்களாக எண்ணினால் 144. வருஷக் கணக்கு 146 மணி நேரம். ஐந்து வயதுப் பிள்ளை இதிலிருந்து தப்பினால் லாபம்தான்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கேபிளில் விளம்பரத்துக்கு ஒரு வாசல் இருந்தது. கதை நிற்கும், சத்தம் கூடும், பாட்டு மாறும். "இது வேற" என்று பிள்ளைக்கே பட்டுவிடும். இப்போது கதைக்குள்ளும் பொம்மை வீடியோவுக்குள்ளும் வாசல் இல்லாமலே விற்பனை நடக்கிறது. விளம்பரத்தைப் பார்த்தே பழகாத பிள்ளைக்கு அதை அடையாளம் காணத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்கும் வேலை இப்போது வீட்டின்மேல் விழுந்திருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

எம்பொண்ணுக்கு அஞ்சு வயசு. ஆச்சி வீட்டுல டிவி பாக்கையில விளம்பரம் வந்ததும் "ஆச்சி, டிவி கெட்டுப் போச்சு"ன்னு அழுதா. ஏதும் கோளாறா?

ஒரு கோளாறும் இல்லை. அவள் இதுவரை பார்த்ததெல்லாம் தொடங்கினால் முடிகிற வரை ஓடியவை. நடுவில் தானாக நிற்பதை நெட் போகும்போது மட்டுமே பார்த்திருப்பாள். அதனால் கதை நின்றதும் கெட்டுப் போச்சு என்று முடிவு கட்டுகிறாள். சில பிள்ளைகள் ரிமோட்டை எடுத்து முன்னால் தள்ளிப் பார்ப்பார்கள், தள்ளாது என்றதும் கோபம் வரும்.

அப்போதே இப்படிச் சொல்லுங்கள்: "டிவி கெட்டுப் போகலம்மா. ஒரு கடைக்காரர் டிவிக்காரருக்குக் காசு குடுத்து, நடுவுல எஞ்சாமானக் கொஞ்சம் காட்டுன்னு சொல்லியிருக்காரு. காட்டி முடிச்சதும் கதை வரும்." அந்த வயதுக்கு இது போதும். விளம்பரம் கெட்டது, பொய் என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். கதை திரும்பி வரும் வரை இரண்டு பேருமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். காத்திருக்கவும் பழகும், எண்ணும் வரும்.

எந்த வயசுல பிள்ளையளுக்கு விளம்பரம்னா என்னன்னு புரியும்?

நான்கைந்து வயதில் நிகழ்ச்சி வேறு, விளம்பரம் வேறு என்று பிரித்துச் சொல்லத் தொடங்குவார்கள். ஆனால் "சின்னதா வரும்", "பாட்டு வரும்" என்ற அளவில்தான் பிரிப்பார்கள். நம்மை வாங்க வைக்கத்தான் காட்டுகிறார்கள் என்பது ஏழெட்டு வயதில் புரிய ஆரம்பிக்கும். புரிந்ததை, ஆசை வந்து நிற்கிற அந்த நிமிடத்தில் நினைத்துப் பார்க்க இன்னும் சில வருஷம் ஆகும்.

இதை வைத்துத்தான் அமெரிக்க உளவியல் சங்கம் 2004இல், 8 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சொன்னது. சுவீடனில் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குறிவைத்து டிவி விளம்பரம் போடக்கூடாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980 முதல் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தத் தடை. வீட்டுக்கு எங்கள் கணக்கு எளிது: ஏழு வயது வரை முடிந்த அளவு தள்ளி வையுங்கள், ஏழுக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள்.

நாங்க எல்லாத்துக்கும் காசு கட்டுதோம். அப்ப விளம்பரமே வராதுல்லா?

அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் படங்களுக்கும் தொடர்களுக்கும் நடுவே விளம்பரம் போடுகிறது; அது வேண்டாம் என்றால் தனியாக மாதம் 129 அல்லது வருஷம் 699 ரூபாய் என்று அறிவித்தது. ஜியோஹாட்ஸ்டாரில் குறைந்த கட்டணத் திட்டங்கள் விளம்பரத்தோடுதான் வரும். அதிகக் கட்டணம் கட்டினாலும் நேரலை விளையாட்டில் விளம்பரம் உண்டு. நெட்பிளிக்ஸ்கூட 2022 நவம்பரில் சில நாடுகளில் விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே காசு கட்டுவதோடு நிறுத்தாமல், எந்தத் திட்டத்துக்குக் கட்டுகிறோம் என்று ஆப்பில் கணக்குப் பகுதியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். மொபைல் ரீசார்ஜோடு இலவசமாக வருகிற ஓடிடி பெரும்பாலும் விளம்பரம் உள்ள திட்டம்தான்.

யூடியூப் பிரீமியத்தில் யூடியூப் போடுகிற விளம்பரம் நிற்கும். வீடியோ எடுத்தவரே நடுவில் "இன்னைக்கு வீடியோவ ஸ்பான்சர் பண்ணது" என்று இரண்டு நிமிடம் பேசுவது நிற்காது. அது வீடியோவின் பகுதி, அதை யாரும் வெட்டித் தருவதில்லை.

யூடியூப் கிட்ஸ் ஆப் போட்டுக் குடுத்துட்டோம். அது போதும்லா?

சாதாரண யூடியூபைவிட எவ்வளவோ மேல். அதிலும் விளம்பரம் உண்டு, ஆனால் தின்பண்டம், குடிபானம் விளம்பரம் அனுமதி இல்லை. விளம்பரத்தைத் தொட்டால் கடைப் பக்கம் திறக்காது. அமெரிக்காவில் 2019இல் பிள்ளைகளின் தகவலை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக யூடியூப் தரப்பு 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதன்பின் 2020 ஜனவரி முதல், பிள்ளைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் பார்ப்பவரின் விருப்பத்தை அறிந்து அதற்கேற்ற விளம்பரம் காட்டுவதை உலகம் முழுக்க நிறுத்தியது.

ஓட்டை எங்கே என்றால், காசு வாங்கிக்கொண்டு எடுத்ததாக வீடியோ போட்டவர் குறிப்பிட்டால்தான் அது கிட்ஸ் ஆப்பில் வராது. குறிப்பிடாவிட்டால் வந்துவிடும். காசே வாங்காமல் ஆசைப்பட்டு பொம்மை பிரித்துக் காட்டுகிற வீடியோவும் வரும். அதை மூட ஒரு வழி: ஆப்பின் மூலையில் உள்ள பூட்டைத் தொட்டு, வாய்ப்பாட்டுக் கணக்குக்கு விடை போட்டு உள்ளே போங்கள். பிள்ளையின் பெயரைத் திறந்து, நீங்கள் ஒப்புதல் கொடுத்த வீடியோக்களும் சேனல்களும் மட்டும் வரும்படி மாற்றுங்கள். அப்படி மாற்றினால் தேடல் வசதியும் தானாக நின்றுவிடும். பத்துப் பதினைந்து சேனல் தேர்ந்தெடுக்க அரைமணி நேரம் ஆகும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை என்றால் கணக்குக்குப் பதிலாக உங்கள் சொந்த எண்ணைப் பூட்டாக வைத்துவிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு தெரியும்.

விளம்பரமே பாக்காத பையன் கடையில போயி அதே பொம்மைதான் வேணும்னு தரையில உருளுதான். இவனுக்கு எங்கருந்து தெரிஞ்சுது?

இரண்டு இடத்திலிருந்து தெரிந்திருக்கும். ஒன்று, பிரித்துக் காட்டும் வீடியோ. அதில் ஒன்றைச் சத்தத்தோடு முழுசாகப் பாருங்கள். முகம் தெரியாது, இரண்டு கை மட்டும். கண்ணாடிக் காகிதம் நொறுங்குகிற சத்தத்தை மைக்கில் பக்கத்தில் வைத்து எடுத்திருப்பார்கள். ஒரு முட்டை உடையும், உள்ளே சின்னப் பொம்மை. "அடுத்ததுல என்ன இருக்கும்?" என்று நிறுத்துவார்கள். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு முட்டை உடையும். கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி, "இன்னும் ரெண்டு கிடைக்கல" என்று முடியும். அந்த ரெண்டுதான் கடைத் தரையில் உருள வைக்கிறது. இதில் எங்குமே "வாங்குங்கள்" என்ற சொல் வராது.

இன்னொன்று கதையே. பிள்ளைகள் தொடர்கள் பலவற்றில் கதாபாத்திரத்தின் படத்தைப் பை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், செருப்பு என்று போட உரிமை விற்கப்படுகிறது. புதுக் கதாபாத்திரம், புது வண்டி, புது உடுப்பு வந்தால் கடைக்கும் புதுச் சாமான் வரும். விளம்பரமே இல்லாத தொடர் முழுசும் ஒரு நீண்ட விளம்பரமாக ஆகிவிடுவது இப்படித்தான். பள்ளி திறக்கிற ஜூன் மாதம் கடையில் படம் போட்ட டிபன் பாக்ஸையும், அதே அளவில் படம் போடாததையும் பிள்ளை கையில் கொடுத்து விலையை வாசிக்கச் சொல்லுங்கள். "படத்துக்கு மட்டும் எவ்வளவு?" என்று கழித்துப் பார்க்கட்டும். வாங்கவே கூடாது என்பதில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கட்டும்.

உருளும்போது எதையும் விளக்காதீர்கள், ஏறாது. முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும். வீட்டில் ஒரு நோட்டு, அதில் கேட்ட பொருள், கேட்ட தேதி, எங்கே பார்த்தான் என்று மூன்று கட்டம். ஏழு நாள் கழித்து அவனே வாசித்து, இன்னும் வேண்டுமா என்று சொல்லட்டும். பல பொருள்களை அவனே அடித்துவிடுவான். அடிக்காததில் ஒன்றைப் பிறந்தநாளுக்கோ தீபாவளிக்கோ உண்மையாகவே வாங்கிக் கொடுங்கள். எதுவுமே வராத நோட்டை எந்தப் பிள்ளையும் நம்பாது.

டப்பாப் பவுடர் கலக்காம பால் குடிக்க மாட்டேங்கான். விளம்பரமே பாத்ததில்ல. அப்ப யாரு சொல்லிக் குடுத்தா?

நாம்தான். உயரமாவான், படிப்பான் என்று நாம் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தோம், அதை நம் வாயால் பிள்ளைக்குச் சொல்கிறோம். விளம்பரம் பார்க்காத பிள்ளைக்கும் விளம்பரம் வந்து சேர்கிற வழிகளில் பெற்றோர் முக்கியமான வழி. 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம், இணையக் கடைகள் இந்த வகைப் பானங்களை ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பின் கீழ் வைக்கக்கூடாது என்று சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

டப்பாவைத் திருப்பி 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 30 கிராம் என்று போட்டிருந்தால், 20 கிராம் பவுடர் போடும்போது 6 கிராம் சர்க்கரை போகிறது. நீங்கள் தனியாகப் போடும் சீனி இதற்கு மேல். ஒரேயடியாக நிறுத்தினால் பாலையே விட்டுவிடுவான். இரண்டு கரண்டி போடுகிறீர்கள் என்றால் வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஒரு மாதத்தில் வெறும் பாலுக்கு வந்துவிடும். பதிலுக்குக் கருப்பட்டி போடலாமா என்று கேட்பார்கள். மணம் நன்றாக இருக்கும், ஆனால் அதுவும் சர்க்கரைதான், கொஞ்சமாகப் போடுங்கள்.

டிவியில என்னென்ன மாத்தி வைக்கணும்? வரிசையாச் சொல்லுங்க.

முதலில் டிவியின் முகப்பு. ஆப் எதையும் திறப்பதற்கு முன்பே மேலே பெரிதாகப் படங்கள் ஓடுகின்றனவே, அதுவும் விளம்பரம்தான். கூகுள் டிவி என்றால் அமைப்புகளில் கணக்குப் பகுதிக்குப் போய், ஆப்கள் மட்டும் காட்டும் முறையைப் போடலாம். அல்லது பிள்ளைக்குத் தனி கிட்ஸ் புரொஃபைல் வைக்கலாம். ஆப்கள் மட்டும் முறையில் குரலால் தேடுவது போன்ற சில வசதிகள் நின்றுபோகும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஃபயர் டிவியில் விருப்பங்கள் பகுதியில் முகப்பு வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தலாம். மற்ற ஸ்மார்ட் டிவிகளில் தனியுரிமைப் பகுதியில், விருப்பம் அறிந்து விளம்பரம் காட்ட அனுமதி கேட்டிருப்பார்கள். டிவி வாங்கிய அன்று எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்கியிருப்போம். திரும்பப் போய் எடுத்துவிடுங்கள்.

அடுத்து ஓடிடி. பிள்ளைக்குத் தனி புரொஃபைல், உங்களுடையதற்கு நான்கு இலக்க எண். உங்கள் புரொஃபைலுக்குப் பூட்டு போடாமல் பிள்ளைக்கு மட்டும் கிட்ஸ் போட்டால் ஒரு பயனும் இல்லை. பக்கத்துப் படத்தைத் தொட்டால் வெளியே வந்துவிடுவான். 2021 விதிகளின்படி ஓடிடி நிறுவனங்கள் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று தரம் பிரித்துக் காட்ட வேண்டும், 13+ முதல் பூட்டு வசதியும் தர வேண்டும். அந்தத் தரம் வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை போன்றவற்றுக்கானது. விற்பனை கலந்திருக்கிறதா என்று அது சொல்லாது.

கடைசியாக போன். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். கூகுள் அமைப்புகளில் விளம்பரம் என்ற பகுதியில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். இலவச விளையாட்டுகளில் "30 வினாடி பார்த்தால் விளையாட்டில் 50 காயின்" என்று பிள்ளையே விரும்பி விளம்பரம் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். மூடும் குறி எள்ளு அளவு இருக்கும். நெட் இல்லாமல் ஓடுகிற விளையாட்டு என்றால் விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுங்கள். பெரும்பாலும் விளம்பரம் வராது.

முன்னெல்லாம் விளம்பரம் போடையில சோத்த வடிச்சிட்டு வருவோம். இவன் ஒரே இருப்பா மூணு மணி நேரம் இருக்கான். என்ன செய்ய?

விளம்பரத்தோடு போன நல்லது இது ஒன்று. எழுந்திருக்க, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக ஓர் இடைவெளி இருந்தது. இப்போது ஒரு பாகம் முடிந்து சில வினாடியில் அடுத்தது தானாக ஓடுகிறது. முதலில் அதை நிறுத்துங்கள். நெட்பிளிக்ஸில் கணக்குப் பக்கத்தை பிரவுசரில் திறந்து, பிள்ளையின் புரொஃபைலில் பிளேபேக் பகுதியில், அடுத்த பாகம் தானாக ஓடும் குறியை எடுக்க வேண்டும். முன்னோட்டம் தானாக ஓடுவதையும் அங்கேயே எடுக்கலாம். யூடியூபில் ஆட்டோபிளே குறியை அணையுங்கள்.

அதன்பின் நேரத்தைச் சொல்லாமல் பாகத்தைச் சொல்லுங்கள். "அரைமணி நேரம்" என்றால் நடுக்கதையில் அணைக்க வேண்டி வரும், சண்டைதான். "ரெண்டு பாகம்" என்றால் கதையே முடித்து வைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை: காய்ந்த துணியை எடுப்பது, செடிக்குத் தண்ணீர். அந்த வேலையைச் செய்தால்தான் இரண்டாம் பாகம் என்று முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

கிரிக்கெட் பாக்கையில மட்டும் எல்லாம் வந்துருதே?

ஆமாம். ஓடிடிப் பிள்ளை விளம்பரத்தை மொத்தமாகப் பார்ப்பது கிரிக்கெட்டில்தான். ஓவருக்கு ஓவர் ஒன்று, விக்கெட் விழுந்தால் ஒன்று. ஐபிஎல்லில் ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டரை நிமிடம் வீதம் இரண்டு டைம் அவுட். சட்டையில், எல்லைக்கோட்டில், குச்சியில், நடுவர் முதுகில் எல்லாம் பெயர். ஒரு ஓவரில் பந்து போடும்போது மட்டும் எத்தனை கம்பெனிப் பெயர் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் உற்சாகமாகச் செய்வார்கள், விளம்பரம் இடைவேளையில் மட்டும் வருவதில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பத்து வயதுக்கு மேல் என்றால் இன்னொன்றையும் காட்டுங்கள். பெரிய நடிகர்கள் வந்து ஏலக்காய் விற்கிறார்கள். ஒரு ஏலக்காய்க்கு இத்தனை கோடி செலவா என்று கேளுங்கள். அதே பெயரில் பான் மசாலாவோ புகையிலையோ கடையில் தொங்கும். சோடா, மியூசிக் சிடி பெயரில் சாராயக் கம்பெனியும் இப்படி வரும். நேரடியாக விளம்பரம் செய்ய முடியாததை வேறு பொருளின் பெயரில் செய்யும் இந்த வேலை 2022 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் தடை செய்யப்பட்டது.

ஆச்சி வீட்டுல கேபிள்தான். அங்க போகையில டிவியே போடாதீங்கன்னு சொல்லவா?

வேண்டாம். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்ப்பது பிள்ளைக்கு டிவியைவிடப் பெரிய விஷயம். ஆச்சியையே வேலைக்கு வையுங்கள். விளம்பரம் வந்ததும் ஆச்சி சத்தத்தை அணைக்கட்டும், பிள்ளை படத்தை மட்டும் பார்த்து என்ன விற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கட்டும். சத்தம் இல்லாமல் சோப்பு விளம்பரம் எது, பைக் விளம்பரம் எது என்று தெரியாமல் முழிப்பார்கள். மலை, அருவி, சிரிப்பு மட்டும்தான் தெரியும். பாட்டும் பேச்சும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. உள்ளூர்ச் சேனலில் வருகிற ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம் இதற்கு இன்னும் நல்லது. பிள்ளைக்குத் தெரிந்த கடை, போய்ப் பார்த்து ஒப்பிடலாம்.

சரி, விளம்பரத்த அடையாளம் காணத் தெரியணும்ங்கீங்க. அத எப்படிச் சொல்லிக் குடுக்க?

தெருவில். வீட்டு டிவியில் விளம்பரம் இல்லாவிட்டாலும் ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை வழியாகப் பாளை பஸ் ஸ்டாண்ட் போகிற வழி முழுக்க விளம்பரம்தான். ஜன்னல் ஓரம் உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். யார் காசு கொடுத்து வைத்திருக்கிறார்கள்? நம்மை என்ன செய்யச் சொல்கிறார்கள்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? மூன்றாவதுதான் முக்கியம், அதற்குத்தான் பழக்கம் வேண்டும். பயிற்சி மையத்தின் பேனரில் முதல் மதிப்பெண் எடுத்த ஆறு பேர் படம் இருக்கும். மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்று இருக்காது. நகைக்கடை "சேதாரம் இல்லை" என்று போட்டிருக்கும். செய்கூலி எவ்வளவு என்று இருக்காது. ஜவுளிக்கடையில் 50% ஆள் உயரத்துக்கு இருக்கும்; பக்கத்தில் "வரை" என்ற சொல் சுண்டுவிரல் அளவில் இருக்கும். அந்த "வரை"யைத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு.

டவுனுக்குப் போனால் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை என்கிற அல்வாக் கடையைக் காட்டுங்கள். பெயர்ப் பலகை கிடையாது, சாயங்காலம்தான் விற்பனை, ஆனாலும் கூட்டம் நிற்கிறது. "போர்டு இல்ல, பின்ன எப்படி இத்தன பேருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தின்றவர் சொல்லிப் பரவுவதும், காசு கொடுத்துச் சொல்ல வைப்பதும் வேறு வேறு என்று அவர்களே வந்து சேர்வார்கள். பலசரக்குக் கடையில் இன்னொரு கணக்கு: 10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் 25 கிராம் என்றிருந்தால் கிலோ 400 ரூபாய். பக்கத்தில் எடை போட்டு விற்கிற சேவு கிலோ எவ்வளவு என்று அண்ணாச்சியிடம் பிள்ளையே கேட்கட்டும்.

எட்டு வயதுக்கு மேல், அவர்களையே விளம்பரம் எடுக்க வையுங்கள். வீட்டில் கிடக்கிற பழைய குடை, போன் கேமரா, 20 வினாடி. கிழிந்த பக்கத்தைத் திருப்பி வைப்பார்கள். கம்பி வளைந்தது தெரியாமல் பாதி விரிப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்வார்கள். எடுத்து முடித்ததும் "எந்தப் பக்கத்தக் காட்டல?" என்று மட்டும் கேளுங்கள். அதன்பின் எந்த விளம்பரம் வந்தாலும் காட்டாத பக்கத்தைத் தேடுவார்கள்.

எம்பையனுக்குப் பன்னெண்டு வயசு. "நான் விளம்பரமே பாக்கதில்ல, என்னை யாரும் ஏமாத்த முடியாது"ங்கான். உண்மையா?

அவன் சொல்வதில் முதல் பாதி அவன் நினைப்பு. இரண்டாம் பாதிதான் ஆபத்து. அவனோடு வாதம் வேண்டாம். அவன் தினமும் பார்க்கிற கேமிங் சேனல் ஒன்றைத் திறந்து, நாற்காலி, ஹெட்செட், போன் என்று படத்தில் தெரிகிற கம்பெனிகளை எழுதச் சொல்லுங்கள். வீடியோவின் கீழே விவரத்தை விரித்தால் வாங்கும் இணைப்புகள் இருக்கும். அதன் வழியாக யாராவது வாங்கினால் சேனல்காரருக்குப் பங்கு உண்டு. காசு வாங்கிச் செய்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் துறையினரே நடத்தும் விளம்பரத் தரக் கவுன்சில் (ASCI) 2021இல் விதி போட்டது. எத்தனை பேர் சொல்கிறார்கள், எங்கே சொல்கிறார்கள் என்று அவனே ஆய்வு செய்யட்டும். பிடித்த சேனல்காரரைத் திட்டாதீர்கள். அவரும் பிழைக்க வேண்டும். பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளாஸ்ல எல்லாரும் ஏதோ விளம்பரப் பாட்டு பாடுதாவ, எம்பொண்ணுக்கு மட்டும் தெரியல. தனிச்சு போயிருவாளோ?

போகமாட்டாள். இரண்டே நாளில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் பாடுவாள். பாடட்டும்.

என்ன பாக்காவன்னு தகவல் எடுக்காவளாமே, பிள்ளையளதையுமா?

எதைப் பார்த்தான், எங்கே நிறுத்தினான், எதைத் திரும்பப் பார்த்தான் என்பது எல்லா ஓடிடிக்கும் தெரியும். அடுத்து என்ன காட்டுவது என்று முடிவு செய்வதே அதை வைத்துத்தான். நம் நாட்டின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கச் சொல்கிறது; அந்தச் சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் பிள்ளை உங்கள் புரொஃபைலில் பார்த்தால் அந்தப் பிள்ளை 38 வயது ஆளாகத்தான் கணக்காகும். தனி புரொஃபைல், உண்மையான வயது: முன்னால் சொன்ன அமைப்புகளில் இதற்காகத்தான் அதை வற்புறுத்தினோம்.

தப்பான விளம்பரம் வந்தா யாருகிட்ட சொல்ல?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022இல் வந்த விதிகளில் பிள்ளைகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. பிள்ளையின் அறியாமையைப் பயன்படுத்தக்கூடாது. இதை வாங்காவிட்டால் நீ மட்டம் என்று உணர வைக்கக்கூடாது. தேவையில்லாமல் வாங்கத் தூண்டும் பரிசு கூடாது. உடலுக்கு, அறிவுக்கு நல்லது என்றால் ஆதாரம் வேண்டும். மீறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம், விளம்பரத் தரக் கவுன்சிலின் இணையதளத்திலும் புகார் எழுதலாம். எந்தச் சேனல், எந்தத் தேதி, எத்தனை மணி, ஒரு ஸ்கிரீன்ஷாட்: இது இல்லாத புகார் நகராது. பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டத்தைப் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020 உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதற்குத் தலைமை ஆசிரியரிடம் தொடங்குங்கள்.

எங்க தெரு ஜவுளிக்கடை அண்ணாச்சி தீபாவளி ரீல்ஸ்ல எம்பொண்ண நடிக்கக் கேக்காரு. விடலாமா?

இந்தக் கேள்வி இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் வருகிறது. தெரிந்த அண்ணாச்சி, ஒரு பாவாடை சட்டை இலவசம், அரைநாள் வேலை. மறுக்கச் சங்கடமாக இருக்கும். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை காசுக்காகவோ வியாபாரத்துக்காகவோ விளம்பரத்தில் நடிக்கக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நிபந்தனைகளோடு இடம் தருகிறது. அதன் 2017 விதிகளின்படி, வீடியோ எடுக்கிறவர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளைக்கு விருப்பம் இல்லாமல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமான வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பில் போக வேண்டும். தெரிந்தவர் கடை, சின்ன வீடியோ என்பதால் இது பொருந்தாமல் போகாது.

விடுவது என்று முடிவு செய்தால் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள், அண்ணாச்சி முன்னால் வைத்துக் கேட்காதீர்கள். அங்கே அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதன்பின் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு விஷயம் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்: வீடியோ எங்கெங்கே வரும், எந்தத் தேதியில் எடுத்துவிடுவார்கள், பிள்ளையின் பெயரும் பள்ளியும் வராது, வேறு கடைக்கோ ஃபிளக்ஸுக்கோ கொடுக்க மாட்டார்கள். தேதி போடாமல் விட்டால் ஏழு வயதில் நடித்தது பதினைந்து வயதிலும் ஓடிக்கொண்டிருக்கும். படப்பிடிப்பு முடிந்து வரும் வழியில், "அந்தப் பாவாடை உனக்கு நெசமாவே பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள்.